பெயரை விற்ற மனிதர்

சொத்து வகைகளிலே மிகவும் விசித்திரமானது பெயர்தான். நிலத்தை விற்றால் வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடலாம். வீட்டை விற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடலாம். பெயரை விற்றவன் எங்கே போவான்? தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவார். செக்கில் கையெழுத்துப் போடவேண்டுமானாலும் அதே பெயரைத்தான் போட்டாகவேண்டும். ஆனால், தன் கையால் செய்த சாமானின்மேல் மட்டும் அதை எழுதக்கூடாது!

இந்தச் சங்கடத்தில் இருபத்தாறு வருஷ காலம் வாழ்ந்த ஒரு மனிதர் கலிபோர்னியாவில் இருந்தார். அவர் பெயர் லியோ ஃபெண்டர். மின்சாரக் கிதார் என்றதும் நம் மனக்கண்ணில் எந்த உருவம் தோன்றுகிறதோ, இரண்டு கொம்புகளும் ஒரு பலகை உடம்புமாக, அந்த உருவம் அவருடைய பட்டறையிலிருந்து வந்தது.

எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. லியோ ஃபெண்டருக்கும் தெரியாது. சிறு வயதில் அவர் கற்றது பியானோவும் ஸாக்ஸபோனும். கிதாரின் தந்திகளைச் சுருதி கூட்டக்கூட அவருக்கு வேறொருவர் துணை வேண்டியிருந்தது.

அப்படியிருக்க, எனக்கு ஏன் இந்த மனிதரிடம் அக்கறை பிறந்தது என்றால், அதற்கு என் அக்கா பிள்ளை ரகுதான் காரணம். ஒரு நாள் அவனும் அவன் சிநேகிதனும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் இரண்டு கிதார்களின் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். வாங்குவதற்காக அல்ல, இரண்டு பேர் சம்பளத்தையும் பத்து வருஷம் சேர்த்தாலும் வாங்க முடியாது. சும்மா பார்ப்பதற்கு.

"மாமா, இது அறுபத்து நாலு. அது அறுபத்தாறு. ரெண்டும் ஒரே கிதார்தான். ஆனா விலையைப் பாருங்கோ!" என்றான்.

"ரெண்டு வருஷத்திலே மரம் என்னடா மாறிடும்?" என்று கேட்டேன்.

"மரம் மாறல்லே, மாமா. முதலாளி மாறிட்டார்."

இந்தப் பதில் என்னைச் சற்று நிமிர்ந்து உட்காரச் செய்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேறு என்ன வேண்டும்? அன்று முதல் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஃபெண்டர் 1909-ல் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். எட்டு வயதில் ஒரு கண் போய்விட்டது. கண்ணாடிக் கண்தான் வைத்திருந்தார். கல்லூரியில் படித்தது கணக்கு. கணக்கு எழுதும் உத்தியோகம் பொருளாதார மந்த காலத்தில் போய்விடவே, 600 டாலர் கடன் வாங்கி, 1938-ல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். அந்தக் கடைக்குப் பாட்டுக்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பமாயிற்று.

ரிப்பேர்க்காரனுடைய மூளையே தனி. தச்சன் ஒரு சாமானைச் செய்யும்போது அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைப்பான். ரிப்பேர்க்காரனோ, அது எங்கே உடையும் என்று நினைப்பான். அதுவரையில் கிதாரின் கழுத்தை உடம்போடு பசை வைத்து ஒட்டுவார்கள். ஃபெண்டர் அதை நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வைத்துவிட்டு வேறு கழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். (மனிதர்களுக்கு இந்த வசதி இன்னும் வரவில்லை.) உடம்பு வெறும் கட்டைப் பலகை. அதில் காந்தத்தின்மேல் மயிரிழைபோன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய 'பிக்கப்' என்ற சாதனம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதுதான். 1950-ல் இந்தக் கிதார் கடைக்கு வந்தபோது அதற்கு 'பிராட்காஸ்டர்' என்று நாமகரணம் செய்தார்கள். கிரெட்ச் என்ற வேறொரு வாத்தியக் கம்பெனி, அந்தப் பெயர் தங்கள் டிரம்முக்கு உரியது என்று ஆட்சேபித்தது. ஃபெண்டர் வழக்காடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, ஒட்டுச் சீட்டிலிருந்து அந்தப் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, கொஞ்ச காலம் பெயரில்லாமலே கிதார்களை அனுப்பினார்கள். பிறகு 'டெலிகாஸ்டர்' என்று பெயர் வந்தது. இந்தப் பிராட்காஸ்டரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

1951-ல் மின்சார பாஸ் கிதார், 1954-ல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்'. பில் கார்ஸன் என்ற வாத்தியக்காரர், டெலிகாஸ்டரின் ஓரம் விலா எலும்பில் குத்துகிறது என்று முறையிட்டார். விலா இருக்கும் இடத்தில் பலகையைச் சரித்துச் செதுக்கினார்கள். தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், வாசிக்கிறவர்கள் சொன்னதையெல்லாம் ஃபெண்டர் காது கொடுத்துக் கேட்டார். தெரிந்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ! ஹவாயிலிருந்து வந்த ஃப்ரெடி டவாரிஸ், ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன், தொழிற்சாலையை நடத்திய ஃபாரஸ்ட் ஒயிட், விற்பனையைக் கவனித்த டான் ராண்டல் என்று நல்ல மனிதர்கள் கூடினார்கள். தொழில் பெருகிற்று.

பெருகினது அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. மூக்கினுள்ளே ஏதோ ஒரு தொற்றுநோய் வருஷக்கணக்கில் அவரை வாட்டிற்று. ஆயுள் அதிகம் இல்லை என்றே தீர்மானித்துவிட்டார். 1965 ஜனவரியில், ஸி.பி.எஸ். என்ற மாபெரும் ரேடியோ, டெலிவிஷன் கம்பெனிக்கு, தம் தொழிலைத் தம் பெயரோடு சேர்த்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். முந்தின வருஷம்தான் அதே ஸி.பி.எஸ்., நியூயார்க் யாங்கீஸ் என்ற பிரசித்தி பெற்ற பேஸ்பால் குழுவில் 80 சதவிகிதத்தை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. தேசமே கொண்டாடும் ஒரு குழுவைவிடப் பலகைக் கிதாருக்கு விலை அதிகம்! விற்று மூன்று நான்கு வருஷங்களுக்குள் வேறொரு டாக்டரிடம் போனார். நோய் இருந்த இடம் தெரியாமல் குணமாகிவிட்டது. இப்படி நான் ஒரு நாவலில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மறுத்து வெட்டிவிடுவார்.

வாங்குவதற்கு முன்னால் ஸி.பி.எஸ். ஒரு ஆலோசனை ஸ்தாபனத்தை வைத்து விசாரித்தது. அவர்கள் கொடுத்த அறிக்கையின் சாரம் இது: லியோ ஃபெண்டர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தகுதியுள்ள தலைமை எஞ்சினியர் ஒருவர் அந்தக் காரியத்தைக் கவனித்துக்கொள்வார். விற்பனைக்காரரான டான் ராண்டலைத்தான் விட்டுவிடக் கூடாது.

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். இதை முட்டாள்தனமென்று சொல்லிவிடச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கணக்குப்படி அவர்கள் சொன்னதில் பிசகில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. வரைபடம் இருக்கிறது. யந்திரம் இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். கைமாறின மறுநாள் காலையில் அதே ஆட்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களில் அபிகேல் இபாரா என்ற பெண்மணி ஒருவர். 1956-ல் வேலைக்குச் சேர்ந்து, பிக்கப்புக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர். முதலாளி போனார், இந்த அம்மாள் போகவில்லை. அப்புறம் முதலாளிகள் மாறினார்கள், தொழிற்சாலையே ஊர் மாறிற்று. இந்த அம்மாள் 2013-ல் ஓய்வு பெறும் வரையில் சுற்றிக்கொண்டிருந்தார்! அவர் சுற்றிய பிக்கப் என்றால் இன்றைக்குத் தனி மதிப்பு. ஆகவே, "1965-ல் எல்லாம் போச்சு" என்று கிதார்ப் பிரியர்கள் புலம்புவதை நான் முழுக்க ஒப்புக்கொள்வதில்லை.

ஆனாலும் ஏதோ ஒன்று போகத்தான் செய்தது. ஒரேயடியாக அல்ல, சுவரில் ஈரம் ஏறுவதுபோல. முதலில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலைப்பாகம் பெரிதாயிற்று. டெலிவிஷனில் பெயர் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக என்று சொல்வதுண்டு. மெல்லிய லாக்கர் பூச்சு இருந்த இடத்தில், மிட்டாய்மேல் சர்க்கரைப் பாகுபோல் கனத்த பூச்சு வந்தது. 1966-ல் பக்கத்திலேயே பிரம்மாண்டமான புதுக் கட்டடம் எழுந்தது. அதே வருஷம் ஃபாரஸ்ட் ஒயிட் ராஜினாமா செய்தார். டிரான்ஸிஸ்டர் வைத்த புது ஒலிபெருக்கிகள் தரமாக இல்லை, அவற்றுக்கு நான் உடன்படமாட்டேன் என்றார், வெளியே போனார். 1969-ல் ராண்டல், 1970-ல் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன். அறிக்கை யாரை விடக் கூடாது என்றதோ அவரும் நாலு வருஷத்தில் போய்விட்டார்.

1970-களில் வந்த கிதார்களைப் பற்றி ரகுவும் அவன் கூட்டத்தாரும் சொல்வதைக் கேட்டால், அந்தக் கிதார்களுக்காக நமக்கே பரிதாபமாக இருக்கும். அவர்கள் அதிகமாகத் திட்டுவது கழுத்தைத்தான். 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நான்கு திருகாணியை மூன்றாகக் குறைத்தார்கள். கழுத்து ஆடுகிறது, பள்ளத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று புகார். "கணக்குப் பிள்ளைகள் ஒரு ஸ்குரூவைத் திருடிட்டாங்க, மாமா!" என்று ரகு சொல்வான்.

இங்கேதான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான சங்கதி அகப்பட்டது. கழுத்தின் சாய்வைச் சுலபமாகத் திருத்துவதற்கான அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் சாக்ஷாத் லியோ ஃபெண்டரேதான்! விற்ற பிறகும் 1970 வரை ஆலோசகராக இருந்தார் அல்லவா? அப்போது பேடண்ட் வாங்கியது. பிற்பாடு தம் சொந்தக் கம்பெனிகளில் செய்த கிதார்களிலும் மூன்று திருகாணியைத்தான் வைத்தார். அங்கே யாரும் ஆடுகிறது என்று அழவில்லை. கற்பனை குறைந்துபோகவில்லை, பள்ளத்தை அளந்து வெட்டுகிற பொறுமைதான் குறைந்துபோயிற்று. முன்பு முதலாளியே ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது முதலாளி என்பது நியூயார்க்கில் இருக்கும் ஒரு கட்டடம். கட்டடம் கீழே குனிந்து கழுத்தை ஆட்டிப் பார்க்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். 1969-ல் உட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வைத்திருந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஸி.பி.எஸ். காலத்துச் சரக்குதான். உலகமே அதைக் கேட்டு வாயைப் பிளந்தது. அவரிடம் போய் யாரும், "ஸார், இது முந்தினதா பிந்தினதா?" என்று விசாரிக்கவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. வாலிப வயதில் ஒரு வாரப் பத்திரிகையில், ஒரு கிழவர் ஊர் வம்பு பேசுவதுபோல் வாராவாரம் எழுதி வந்தேன். கிழவர் பெயரில்தான் வெளிவரும். என் பெயர் இராது. அந்தப் பெயரை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. அது பத்திரிகையின் சொத்து. ஆறு வருஷம் எழுதிவிட்டு விலகினேன். கிழவர் விலகவில்லை. அடுத்த வாரமே வேறொரு கையில் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். முதல் கட்டுரையில் நான் ஒரு நாளும் குடிக்கவிடாத டீயை அவர் குடித்தார். கிழவருக்குக் காப்பிதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். புது ஆசாமிக்கு எப்படித் தெரியும்? நான் தவிர வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பின்பு ஒரு கல்யாணத்தில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னே எழுதினதைவிட இப்போ ரொம்ப நன்னாயிருக்கே! கிழவர் மெருகேறிண்டு வரார்" என்று பாராட்டினார். பந்தியில் எனக்கு அன்று பாயசம் இறங்கவில்லை. புது ஆசாமி நல்ல எழுத்தாளர் என்பதுதான் இதில் கஷ்டம். மோசமாக எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதனால்தான், விற்ற பிறகு ஃபெண்டர் என்ன செய்தார் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட ஆவலோடு படித்தேன். மனுஷர் கோடீசுவரர். உடம்பும் தேறிவிட்டது. படகு வாங்கிக்கொண்டு கடலில் உலாவியிருக்கலாம். பத்து வருஷம் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. அவர் மறுபடியும் பட்டறைக்குத்தான் போனார். முன்னே ராஜினாமா செய்த ஃபாரஸ்ட் ஒயிட்டும் இன்னொருவரும் 'மியூஸிக் மேன்' என்று ஒரு கம்பெனி தொடங்கியபோது, திரைக்குப் பின்னால் பணம் போட்டார். ஒப்பந்தக் கெடு 1975-ல் முடிந்ததும் தலைவராக வெளியே வந்தார். அங்கே பிறந்த 'ஸ்டிங்ரே' என்ற பாஸ் கிதார் நல்ல பெயர் எடுத்தது. கூட்டாளிகளோடு மனஸ்தாபம், அங்கிருந்தும் விலகினார். 1980-ஐ ஒட்டி, பழைய சிநேகிதர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து 'ஜி அண்ட் எல்' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஜி என்றால் ஜார்ஜ், எல் என்றால் லியோ. தம் பெயரில் அவர் தாராளமாகப் போட்டுக்கொள்ள முடிந்தது அந்த ஓர் எழுத்துத்தான். மற்றதெல்லாம் 1965-லேயே கிரயமாகிவிட்டது.

1985-ல் ஜி அண்ட் எல்லில் ஒரு புதுக் கிதார் செய்தார். பழைய டெலிகாஸ்டரின் ஜாடை இருந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? பிராட்காஸ்டர்! முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வெட்டி எறிந்த தம் குழந்தையின் பெயரை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவையும் ஆட்சேபணை வந்தது. டிரம் கம்பெனியிலிருந்து அல்ல; ஃபெண்டர் கம்பெனியிலிருந்து! இப்போதும் அவர் வழக்காடவில்லை. 'அஸாட்' என்று பெயரை மாற்றிவிட்டார். முதல் முறை அந்நியன் தடுத்தான். இரண்டாம் முறை அவர் பெயரே அவரைத் தடுத்தது.

அதே 1985-ல் பழைய கம்பெனி என்ன ஆயிற்று? நஷ்டம் தாளாமல் ஸி.பி.எஸ். 1981-ல் யாமஹாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து பில் ஷுல்ட்ஸ், டான் ஸ்மித் முதலியவர்களை அழைத்து வந்தது. அவர்கள் வந்ததும் தலைப்பாகத்தைச் சிறிதாக்கினார்கள். நாலாவது திருகாணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜப்பானில் சில கம்பெனிகள் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை அச்சாகப் பிரதியெடுத்து, அசலைவிட ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன. திருடனைப் பிடிப்பதற்குப் பதிலாக அவனையே காவற்காரனாக்குவது நல்லது என்று, 1982-ல் ஃபெண்டர் ஜப்பான் என்று ஆரம்பித்து அங்கேயே செய்வித்தார்கள். கடைசியில் 1985-ல் ஷுல்ட்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் கம்பெனியை ஸி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கினார்கள். விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். இருபது வருஷம் ஆண்டு, கட்டடம் கட்டி, டாலர் மதிப்பெல்லாம் தேய்ந்த பிறகு, வாங்கின விலைக்கு 5 லட்சம் குறைவு! அதிலும் கட்டடம் சேரவில்லை. பெயரும் உரிமைகளும் மிச்சமிருந்த சாமான்களும்தான். கொஞ்ச காலம் ஜப்பான் கிதார்களை விற்றே உயிர் பிழைத்து, பிறகு கொரோனா என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை வைத்தார்கள்.

எதைச் செய்து அவர்கள் நிமிர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1952 டெலிகாஸ்டர், 1957 ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1962 ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று வருஷத்தைச் சொல்லியே பழையதை மறுபடியும் வார்த்தார்கள். அங்குலம் அங்குலமாக அளந்து, ஸ்தாபகர் அந்த வருஷம் எப்படிச் செய்தாரோ அப்படியே. ஜனங்கள் ஆனந்தமாக வாங்கினார்கள். அதே நேரத்தில், சில மைல் தூரத்தில் அந்த ஸ்தாபகர் உயிரோடு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பழைய பிக்கப்பில் இரைச்சல் இருக்கிறது, அந்தப் பழைய பாலத்தில் குறை இருக்கிறது என்று, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே லியோ ஃபெண்டருக்கு இரண்டு கடை. ஒன்றில் அவருடைய நேற்று விற்றது. மற்றதில் அவருடைய இன்று. கூட்டம் நேற்றுக் கடையில்தான். ஸி.பி.எஸ்.ஸைத் திட்டுகிறவர்கள்கூட, "ஃபெண்டர் போன பிறகு" என்று பெருமூச்சு விட்டார்களே ஒழிய, போனவர் எங்கே போனார் என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் கொஞ்சம்பேர்தான்.

ரகுவிடம் இதைச் சொன்னபோது, "அவர் திருத்தினது சரிதான், மாமா. ஆனா அந்த இரைச்சல்தானே எங்களுக்குப் பிடிச்சது?" என்றான். இதற்கு நான் என்ன பதில் சொல்லமுடியும்? என் கிழவருக்குப் போன வாரம் பேரன் பிறந்திருக்கிறான் என்று கேள்வி. நான் படிக்கவில்லை, வீட்டில் சொன்னார்கள்.

பெயர் போய்விட்டால் மனிதனும் போய்விடவேண்டும் என்று ஒரு காலத்தில் வழக்கமிருந்தது. கிப்ஸன் என்ற மற்றொரு பெரிய கிதார்க் கம்பெனி இருக்கிறதே, அதன் பெயருக்குரிய ஆர்வில் கிப்ஸன், 1902-லேயே தம் உரிமையை 2,500 டாலருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி, 1918-ல் காலமானார். மாண்டலின் செய்த மனிதர். மின்சாரக் கிதார் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. அவருக்கு இந்த வேதனை இல்லை. ஃபெண்டருக்குத்தான் தம் பெயர் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் கடை விரித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகும்படி ஆயிற்று. வேதனை என்பது என் சொல். அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் நான் படிக்கவில்லை. சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார் என்றுதான் படித்தேன்.

கடைசி வருஷங்களில் பார்க்கின்ஸன் நோய் வந்து கை நடுங்கிற்று. அப்படியும் தினமும் ஜி அண்ட் எல் பட்டறைக்கு வந்தார். 1991 மார்ச் 20-ம் தேதி வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனார், மறுநாள் காலமானார். அவருடைய வேலை அறையை, சாமான்கள் கிடந்தது கிடந்தபடியே விட்டுப் பாதுகாத்தார்கள். கம்பெனியை, அவர் மனைவி அதே வருஷம் வேறு ஒரு ஒலிக்கருவிக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

இப்போது ஜி அண்ட் எல் கிதார் வாங்குகிறவர்களிலும் சிலர் முதலில் விசாரிப்பது, அது 1991-க்கு முந்தினதா பிந்தினதா என்பதைத்தான்.